பழகிவிடும் என்கிற பொய்

தைஃபூரை எங்கள் ஊரில் ஈ எண்ணுகிறவன் என்று சொல்வார்கள். கேலிதான், ஆனால் அதில் பொய் இல்லை. செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை, வெயில் ஏறுவதற்கு முன் பருத்தி வயலுக்குள் இறங்கி இலைகளைத் திருப்பிப் பார்ப்பது அவன் வேலை. வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கத்தில் உட்காரும். மூச்சை அடக்கிக்கொண்டு, காம்பைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் சாம்பலை ஊதிவிட்டதுபோல எல்லாம் பறந்துவிடும். நூறு இலைக்கு இருநூறு ஈக்கு மேல் தென்பட்டால் தைஃபூர் சீட்டு எழுதிக் கொடுப்பான். அடுத்த நாள் விடிகாலையில் மருந்து விமானம் வரும். கொடி பிடிக்கிறவர்கள் வயலின் இரண்டு கோடியிலும் நின்று வெள்ளைத் துணியை ஆட்டுவார்கள். விமானம் அவர்கள் தலைக்கு மேலேயே மருந்தைக் கொட்டிவிட்டுப் போகும்.

அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் விமானம் இரண்டு முறை வந்தது. நான் சொல்லப்போகிற பருவத்தில், ஜனவரி பிறப்பதற்குள் ஒன்பதாவது முறை வந்துவிட்டது. எங்கள் ஹில்லத் ஸுரூர் கிராமத்து விவசாயிகளுக்கு அதில் வருத்தமில்லை. விமானச் சத்தம் கேட்டால் யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்று ஒரு தெம்பு. ஆனால் பஞ்சு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பிசுபிசுத்துக்கொண்டே போயிற்று. ஈ கழிக்கிற தேன் பஞ்சில் ஒட்டி, வெளிநாட்டு ஆலைகள் எங்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தன.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். தைஃபூர் என்னோடு நான்காம் வகுப்புவரை படித்தவன். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கே வந்து நின்றான்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். ஒன்பது தடவை அடிச்சாச்சு. செத்த ஈயெல்லாம் எங்க போகுது? எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கே?"

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "மருந்து பழகிப்போயிருக்கும்டா. அபின் தின்கிறவனுக்கு அபின் பழகுற மாதிரி" என்றேன்.

பாடம் நடத்துகிறவன் சொன்ன பதில் அது. வெட்கமாக இருக்கிறது.

அவன் அதை நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்து அரிக்கேன் விளக்குக் கண்ணாடி இரண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டின் வாயிலும் அவன் மனைவி பத்தூலுடைய பழைய மெல்லிய சேலைத் துண்டு கட்டியிருந்தது. ஒன்றில் எங்கள் வயலில் பிடித்த ஈ. இன்னொன்றில் நீல நைல் கரையில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பிடித்த ஈ. அந்தத் தோட்டக்காரன் ஜென்மத்தில் மருந்து அடித்ததில்லை. இரண்டு கண்ணாடிக்குள்ளும் ஒரே மருந்துக் கரைசலில் முக்கி எடுத்த ஒரே அளவு இலை. ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"பாரு" என்றான்.

தோட்டத்து ஈ அடியில் மாவு சிந்தினதுபோலக் கிடந்தது. வயல் ஈயில் பாதிக்கு மேல் கண்ணாடிச் சுவரில் சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது.

"சரிதானே? பழகிடுச்சு" என்றேன்.

"பழகலைடா, வாத்தியார். யோசிச்சுப் பாரு. அபின்காரன் ஒரே ஆளு. நேத்துக் கொஞ்சம் தின்னான், இன்னைக்குக் கூடத் திங்குறான். ஈ அப்படியா? ஒரு ஈ எத்தனை நாள் உசிரோட இருக்கும்? மூணு வாரம். முதல் விமானம் வந்தப்ப இருந்த ஈ ஒண்ணுகூட இப்ப இல்ல. பழகுறதுக்கு யாரு மிஞ்சினா?"

"அப்புறம்?"

"லட்சத்துல பத்து ஈ பொறக்கும்போதே முரட்டு ஈ. வயித்துல என்ன கோளாறோ, மருந்து அதுக்கு ஏறாது. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. அந்தப் பத்து மட்டும் முட்டை போட்டுச்சு. அடுத்த தடவை அதுல முரட்டுலயும் முரட்டு. நாம அடிச்சது மருந்து இல்ல. சல்லடை."

நான்கு வகுப்பு படித்தவன் சொன்னான். கல்லூரியில் பரிணாமத்தைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதித் தேறிய நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவன் இன்னொன்றும் காட்டினான். ஒரு தீக்குச்சிப் பெட்டியில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் குளவிகள். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிறவை. ஆற்றங்கரைத் தோட்டத்தில் அவை உண்டு. எங்கள் வயலில் ஒன்றுகூடக் கிடையாது. ஈக்குப் பதிலாகக் காவல்காரனைக் கொன்றிருந்தோம்.

மறுநாள் அவன் கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனான். மருந்து அடிக்கும் குத்தகை எடுத்திருந்த நிறுவனத்தின் ஆள் அவர். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பொறுமையாகக் கேட்டார் என்றுதான் தைஃபூர் சொன்னான். கேட்டுவிட்டு முதுகில் தட்டினார்.

"நல்ல மூளைடா உனக்கு. அப்ப இந்த மருந்து பத்தாது, அதானே?"

"இல்ல ஜனாப். நிறுத்தணும்னு சொல்றேன். ஒரு பருவம் விட்டுப் பார்த்தா குளவி திரும்பி..."

"பத்தாதுன்னு நீயே நிரூபிச்சிட்டே. புதுக் கலவை ஒண்ணு துறைமுகத்துல இறங்கியிருக்கு. பழசை விடப் பத்து மடங்கு. வரவழைச்சிடலாம்."

வந்தது. அவனுடைய விளக்குக் கண்ணாடிதான் அதற்குச் சாட்சியாகப் போயிற்று. கூடவே அவனுக்கு உத்தியோக உயர்வும் வந்தது. கொட்டகைச் சாவி கொடுத்து மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாக்கினார்கள். காலை வெயிலில் குனிந்து இலை திருப்ப வேண்டியதில்லை. தைஃபூர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கு முதுகு வலி இருந்தது. யாருக்குத்தான் இல்லை?

புதுக் கலவை பூண்டு நாற்றம் அடிக்கும். நீல வண்ணம் பூசிய இருநூறு லிட்டர் டிரம். காலியானதும் அடியில் கடப்பாரையால் ஓட்டை போட்டுப் புதைக்க வேண்டும் என்பது விதி. புதைத்ததாகக் கிடங்குக்காரன் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் எங்கள் சமவெளியில் யாரும் டிரம்மைப் புதைக்க மாட்டார்கள். கால்வாய்த் தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும். ஒரு ராத்திரி டிரம்மில் நிறுத்தினால்தான் தெளியும். பழைய மருந்து டிரம்களைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பிக் கொட்டி, நாற்பது நாள் வெயிலில் வைத்து வீட்டுக்கு எடுத்துக்கொள்வது இருபது வருஷ வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள், இழவு வீட்டுக்கு நாற்பது நாள், டிரம்முக்கும் நாற்பது நாள். அதற்குப் பிறகு எல்லாம் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. பழைய மருந்துக்கு அது எப்படியோ தாங்கியது. ஈ மாறியது, ஈக்காக மருந்து மாறியது. எங்கள் சாம்பல் மட்டும் அப்படியே இருந்தது.

பத்தூல் ஒரு டிரம் கேட்டாள். "கிடங்குச் சாவியே உன்கிட்ட இருக்கு, நம்ம வீட்டுக்கு ஒண்ணு உருட்டிட்டு வரக்கூடாதா?"

"இது வேண்டாம். மண் ஜாடியே போதும்" என்றான்.

"ஏன், என்னவாம்?"

"நாத்தம் அடிக்கும்."

அதே வாரம் கல்தூமா கிடங்கு வாசலில் வந்து நின்றாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கூலிக்காரர் குடியிருப்பில் இருந்தவள். அதைக் காம்போ என்பார்கள். அவளுடைய பாட்டனார் மேற்கே தூர தேசத்திலிருந்து மெக்காவுக்கு ஹஜ் போக நடந்தவர். வழியில் கைக்காசு தீர்ந்து எங்கள் பருத்தியைப் பறிக்க உட்கார்ந்தவர், பிறகு எழுந்து போகவே இல்லை. மூன்று தலைமுறையாக எங்கள் பஞ்சைப் பறிக்கிறார்கள். இன்னும் வந்தேறி என்றுதான் பெயர். நிலம் கிடையாது. குழாய் கிடையாது. எங்கள் ஊர்க் குழாய் அவர்கள் குடிசையிலிருந்து கூப்பிடு தூரம். அதில் தண்ணீர் பிடிக்க வந்தால் எங்கள் பெண்கள் குடத்தை எட்டி உதைப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு நடந்து போயிருக்கிறேன்.

"எஃபந்தி, ஐயா, ஒரு டிரம் குடுங்க. புள்ளைங்க மண்ணுத் தண்ணியக் குடிச்சு வயித்தால போகுது" என்றாள்.

கொடுத்தான். நாற்பது நாள் வெயிலில் வைக்கச் சொன்னான். அவள் போய்ச் சொல்ல, மேலும் பதினோரு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தான். பன்னிரண்டையும் புதைத்ததாகக் கையெழுத்துப் போட்டான். காம்போவில் அவனுக்கு நல்ல பேர். போகிற வழியில் கூப்பிட்டு வேர்க்கடலை கொடுப்பார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை, கல்தூமாவின் மகள் ரமத்து எல்லோருக்கும் முன்னால் எழுந்து, முந்தின ராத்திரி முதல்முறையாக நிரப்பித் தெளிய வைத்திருந்த டிரம்மில் மொண்டு குடித்தாள். ஒன்பது வயசு. கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகத் தொடங்கியது. பிறகு கை கால் வெட்டியது. கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியது. கழுதையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவ உதவியாளர் மலேரியா என்று எழுதினார். காம்போவில் செத்தால் மலேரியா, இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. மூன்றாவது காரணத்துக்கு அங்கே இடமே இல்லை.

தைஃபூருக்குச் செய்தி வந்தபோது கிடங்கில் மேற்பார்வையாளரும் இருந்தார். எச்சில், கண்மணி, வெட்டு என்று கேட்டதுமே தைஃபூருக்கு விளங்கிவிட்டது. கொடி பிடிக்கிறவர்கள் மயங்கி விழும்போது அவன் பார்த்திருக்கிறான்.

"ஜனாப், இது நம்ம மருந்து."

"உளறாதே."

"டிரம் நான் குடுத்தது. இன்னும் பதினொண்ணு அங்க வெயில்ல இருக்கு, நாப்பது நாள் முடியப்போகுது."

மேற்பார்வையாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யா தைஃபூர், அந்த ஆளுங்க வருஷக்கணக்கா மருந்து டிரம்ல தண்ணி குடிச்சவங்க. உன் ஈ மாதிரி. அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. ஒரு புள்ள செத்தா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீ கையெழுத்துப் போட்டிருக்கே, ஞாபகம் வச்சுக்கோ."

இதைத் தைஃபூர்தான் பிறகு என்னிடம் சொன்னான். மிரட்டலைப் பற்றி அவன் பேசவில்லை. "வாத்தியாரே, அவர் அதைச் சொன்னப்ப எனக்குக் கோபம் வரல. டிரம்ம உருட்டிவிடும்போது நானும் அதையேதான் நினைச்சேன். இவங்க கெட்டியான ஆளுங்க, இவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. வார்த்தைகூட மாறல. ஈக்குப் பழகலன்னு உனக்கே பாடம் எடுத்தவன் நான்."

பழகிவிடும் என்பதைப் போல் வசதியான சொல் உலகத்தில் வேறில்லை. பட்டினி பழகிவிடும், வெயில் பழகிவிடும், நஞ்சும் பழகிவிடும். சொல்லுகிறவன் யாரும் அந்த வெயிலில் நிற்பதில்லை. வெள்ளை ஈயின் கூட்டம் நஞ்சைத் தாங்குகிறது என்றால், தாங்காத கோடி ஈ செத்து உதிர்ந்திருக்கிறது என்று பொருள். மக்கள் தாங்குகிறார்கள் என்று எவனாவது சொன்னால், உதிர்ந்தவர்களை அவன் எண்ணவில்லை என்று பொருள். அவ்வளவுதான்.

அன்று வீட்டில் பத்தூல் கிஸ்ரா ரொட்டியும் குழம்பும் எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்:

"நான் கேட்டப்ப நாத்தம் அடிக்கும்னே. அவளுக்கு மூக்கு இல்லையா?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் தைஃபூர் காம்போவுக்குப் போனான். பதினோரு டிரம்மையும் திருப்பி வாங்க வேண்டும், உண்மையைச் சொல்லாமல் வாங்க வேண்டும். அதுதான் அவன் போட்ட கணக்கு. சொன்னால் ஜெயில். சொல்லாமல் விட்டால் இன்னொரு குழந்தை. இடையில் ஏதாவது சந்து கிடைக்காதா என்று பார்த்தான்.

"கம்பெனி எல்லா டிரம்மையும் எண்ணுது. திருப்பிக் கேக்குறாங்க."

ஒரு கிழவர் சிரித்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்குறதா? எங்க ஊர்ல அப்படிப்பட்டவனுக்குப் பொண்ணுகூடக் குடுக்க மாட்டாங்க, எஃபந்தி."

"ஒரு டிரம்முக்கு ரெண்டு மண் ஜாடி தரேன்."

"ஆஹா! சந்தையில டிரம் விலை ஏறிடுச்சு போல!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். இழவு வீட்டிலிருந்து பத்தடி தள்ளிச் சிரித்தார்கள். சாவுக்கும் டிரம்முக்கும் முடிச்சு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கல்தூமாவின் டிரம்மிலிருந்தே துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் போட ஒரு பெண் தண்ணீர் மொள்ளக் குனிந்தாள்.

தைஃபூர் ஓடிப்போய் டிரம்மைக் காலால் உதைத்துச் சாய்த்தான். தெளிந்திருந்த தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் அறைந்தான்.

"இழவு வீட்டுத் தண்ணியக் கொட்டுறியே, நீ மனுஷனா?"

"குடிக்காதீங்க. அதான் புள்ளையக் கொன்னது."

பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். கல்தூமா பாயிலிருந்து எழுந்து வந்தாள். கழுத்துவரை போர்த்தியிருந்த துணியை இறுக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"நாப்பது நாளு வச்சேன். சாம்பல் போட்டுத் தேச்சேன். விரல் எல்லாம் புண்ணாச்சு. நான் சரியாத் தேய்க்கலையா?"

அந்தக் கேள்விக்கு ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் தப்பித்திருப்பான். அவளே அந்தப் பழியை எடுத்துக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"இல்ல கல்தூமா. நீ நாலு மாசம் தேய்ச்சிருந்தாலும் போகாது. இது புது மருந்து. பழசு மாதிரி இல்ல."

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"உன் வீட்டுல இந்த டிரம் இருக்கா?"

"இல்ல. என் பொண்டாட்டி கேட்டா. குடுக்கல."

கல்தூமா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள்தான் அடித்தார்கள். முன்பல் ஒன்று போயிற்று. அடித்து ஓய்ந்ததும், அவரவர் குடிசைக்குப் போய் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கடப்பாரையை அவனிடமே கொடுத்தார்கள். வாயில் ரத்தத்தோடு பன்னிரண்டு டிரம்மிலும் ஓட்டை போட்டான். உச்சி வெயில். தண்ணீர் என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

அதன் பிறகு காம்போவில் தண்ணீரைத் தெளிய வைக்க ஒன்றும் இல்லை. தைஃபூர் தன் வீட்டு மண் ஜாடி மூன்றையும் கழுதையில் ஏற்றிக்கொண்டு போனான். பத்தூல் தடுக்கவில்லை. ஊர்க்குழாயில் நிரப்பிக் கொண்டுபோய் ஊற்றினான். எங்கள் ஊரார் குழாயடியில் மறித்தார்கள்.

"என்னடா, ஈ எண்ணுறவன் தண்ணிக்காரனா ஆயிட்டே! அதுவும் வந்தேறிகளுக்கு!"

"எண்ணின வரைக்கும் போதும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைத்தான். மறித்தவர்களில் என் மைத்துனனும் உண்டு.

அந்த வாரத்தில்தான் என்னிடம் வந்தான். காம்போவுக்கு ஒரு குழாய் கேட்டு வத் மதனியில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். என் எழுத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது. எழுதினேன். 'நச்சுப்பொருள் கலந்த தண்ணீரால் ஒரு சிறுமி இறக்க நேர்ந்தது' என்று எழுதினேன். யார் கலந்தது, எந்த டிரம், யார் கொடுத்தது, எதுவும் அதில் இல்லை. நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேற்பார்வையாளருக்குப் பயந்தேன் என்பதும் சேர்த்தி.

இருவரும் காம்போவுக்குப் போனோம். நாற்பத்தேழு பேர் கைநாட்டு வைத்தார்கள். கடைசியாகக் கல்தூமாவின் குடிசை.

"படிங்க" என்றாள்.

படித்தேன்.

"இறக்க நேர்ந்துச்சா?" என்றாள். "யாருக்கு நேர்ந்துச்சு? அவளுக்குப் பேரு இல்லையா?"

நான் பேனாவை எடுத்து ரமத்து என்று சேர்த்தேன்.

"குடுத்தவனுக்கு?"

நான் தைஃபூரைப் பார்த்தேன். "கேஸ் ஆகும்டா. உன் கையெழுத்து அவங்ககிட்ட இருக்கு. மொத்தப் பழியையும் உன் தலையில கட்டிட்டு அந்த ஆளு தப்பிச்சிடுவான்."

"தப்பிப்பான்" என்றான் தைஃபூர். "தெரியும். குடு இங்க."

என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். நான்காம் வகுப்புக் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து தனித்தனியாக நிற்கும். மனுவின் நடுவில், என் வாக்கியத்தை ஒரு கோட்டால் அடித்துவிட்டு எழுதினான்: 'புது மருந்தின் டிரம் என்று தெரிந்தே, என் வீட்டுக்கு மறுத்ததை, கல்தூமா வீட்டுக்குக் கொடுத்தேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர்களுக்குப் பழகிவிட்டது என்றார். கிடங்குப் பொறுப்பாளன் தைஃபூர்.'

மை காய அவள் காத்திருந்தாள். படிக்கத் தெரியாதவள். ஆனாலும் தாளை வாங்கி, அவன் எழுதிய இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதையும் படிங்க" என்றாள்.

சத்தமாகப் படித்தேன். அவள் விடவில்லை, மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.

படித்து முடித்ததும் கட்டைவிரலை நீட்டினாள்.